தோட்டமா, கல்லறைத் தோட்டமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவு எட்டரை மணிக்கு மேல் எனக்கென்று கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் விளையாட ஒரே ஒரு கணினி விளையாட்டு வாங்கலாம் என்று தேடியதில், ஸ்டார்டியூ வேலி, கிரேவ்யார்ட் கீப்பர் என்ற இரண்டில் வந்து நிற்கிறேன். படங்களைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. இரண்டிலும் பயிர் வைக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், ஊராரிடம் போய்ப் பேசுகிறார்கள். என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. நினைவகம் 4 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பேட்டரி பதினைந்து நிமிடம் தாங்கினால் அதிகம். மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் போவதும் வருவதும் வழக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் எங்களோடு இருக்கிறாள். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: ஸ்டார்டியூ வேலியை வாங்குங்கள். முடிவுக்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: ஒரு மணி நேரம், வலுவிழந்த பேட்டரி, ஆறாம் வகுப்புக் குழந்தை. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் என் பதில் மாறியிருக்கக்கூடும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ஹார்வெஸ்ட் மூன் என்ற பண்ணை விளையாட்டின் வழியில் பிறந்தவை இவை. சியாட்டிலைச் சேர்ந்த எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக உட்கார்ந்து, நிரல், ஓவியம், இசை, உரையாடல் அனைத்தையும் தாமே செய்து முடித்து, 2016 பிப்ரவரியில் ஸ்டார்டியூ வேலியை வெளியிட்டார். லேசி பேர் கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கிய கிரேவ்யார்ட் கீப்பர் 2018 ஆகஸ்டில் வந்தது. கட்டம் கட்டமான பழைய பாணி ஓவியம், மேலிருந்து பார்க்கும் கோணம், வேலை செய்யச் செய்யக் குறையும் தெம்பு, தூங்கினால் திரும்பக் கிடைக்கும் தெம்பு ஆகியவை இரண்டுக்கும் பொது. வேறுபாடு தெரிய வேண்டுமானால் இரண்டும் காலத்தை எப்படி நடத்துகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஸ்டார்டியூ வேலியில் ஆட்டத்தின் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடிகிறது. நம் கடிகாரத்தில் அது ஏறத்தாழ 14 நிமிடம். 28 நாள் ஒரு பருவம், நான்கு பருவம் ஓர் ஆண்டு. கணக்கு எழுதும் உங்களுக்கு நான் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்: இரவுக்கு ஒரு மணி நேரம் என்றால் நான்கு நாள், ஏழு இரவில் ஒரு பருவம், ஒரு மாதத்துக்குள் ஓர் ஆண்டு முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு துண்டாக இருப்பதால், எந்த நாளின் இறுதியிலும் எழுந்து போய்விடலாம். மறுநாள் இரவு திரும்பி வரும்போது விட்ட இடம் எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. (எழுந்து போய்விடலாம் என்று எழுதுவது எளிது. "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று நானே பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்ததுண்டு.)

அந்த 14 நிமிடம் எப்போதும் போதாது என்பதில்தான் இதன் சுவை இருக்கிறது. காலையில் எழுந்து பயிருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 120 தளம் உள்ள சுரங்கத்தில் இறங்கினால் செம்பும் இரும்பும் கிடைக்கும். இன்று மழை என்றால் சில மீன்கள் இன்றைக்குத்தான் அகப்படும். ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள், பரிசு கொடுத்தால் நட்பு வளரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. எதை விடுவது என்று முடிவு செய்வதே இந்த ஆட்டம். பருவம் மாறும் அன்று, அடுத்த பருவத்துக்கு ஒவ்வாத பயிர்கள் ஒரே இரவில் பட்டுப்போகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டே வளர்ந்த நான், முதல் வசந்தத்தின் 25ஆம் நாள் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு, விளைய 12 நாள் ஆகும் காலிஃபிளவரை நட்டு, கோடையின் முதல் காலையில் வரிசை வரிசையாகக் கருகி நின்றதைப் பார்த்தேன். விதைப் பொட்டலத்தில் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

உங்கள் ஊருக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டார்டியூ வேலியில் காப்பி உண்டு. ஊருக்கு வந்துபோகும் நாடோடி வண்டிக்காரியிடமிருந்தோ, சுரங்கத்தில் திரியும் கரிப்புழுதிப் பூதங்களிடமிருந்தோ ஒரு காப்பிக் கொட்டை கிடைக்கும். அதை ஊன்றினால் 10 நாளில் காய்த்து, பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை வசந்தமும் கோடையும் முழுக்கப் பறித்துக்கொண்டே இருக்கலாம். நிழலுக்குச் சில்வர் ஓக் வேண்டாம், பூ மழைக்காக வானத்தைப் பார்க்க வேண்டாம், ஐந்து கொட்டையைப் பீப்பாயில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் ஒரு கோப்பை காப்பி வந்துவிடும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றியதாகப் படித்திருப்பீர்கள். செடி காய்ப்புக்கு வர அவருக்கும் மூன்று நான்கு ஆண்டு ஆகியிருக்கும். பகல் முழுவதும் பழுக்காத காயின் கணக்கும் கூலிக் கணக்கும் பார்த்துவிட்டு வரும் ஒருவருக்கு, 10 நாளில் காய்க்கும் காப்பி எரிச்சலூட்டுமா, ஆறுதல் தருமா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இனி கிரேவ்யார்ட் கீப்பர். நம் காலத்து மனிதன் ஒருவன் விபத்தில் சிக்கி, கண் விழிக்கும்போது இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு கிராமத்தின் கல்லறைத் தோட்டத்துக்குக் காவலனாக நிற்கிறான். வீடு திரும்புவது அவன் நோக்கம். வழிகாட்டுவது பேசும் மண்டையோடு ஒன்று. பிணங்களைக் கொண்டுவருவது வாய்த்துடுக்குள்ள ஒரு கழுதை. அதுவும் ஒரு கட்டத்தில் வேலைநிறுத்தம் செய்து, கேரட் தந்தால்தான் வண்டி இழுப்பேன் என்கிறது. வந்த பிணத்தை மேசையில் கிடத்தி, வேண்டாததை நீக்கி, புதைத்து, கல்லும் வேலியும் வைத்து, கல்லறைத் தோட்டத்தின் மதிப்பை உயர்த்த வேண்டும். தாமதித்தால் பிணம் அழுகி மதிப்புக் குறையும். இதற்கு இடையில் தோட்டமும் உண்டு, மீன்பிடியும் உண்டு, நிலத்தடி அறைகளும் உண்டு. கடைப் பக்கத்துப் படங்களில் நீங்கள் பார்த்தது இவற்றைத்தான்.

இங்கே உங்களை விரட்டும் கடிகாரம் இல்லை. பருவங்களும் இல்லை, நடு இரவிலும் வேலை செய்யலாம், நடுப்பகலிலும் தூங்கலாம். நேரத்துக்குப் பதிலாகக் குறுக்கே நிற்பது, ஒன்றுக்கு ஒன்று என்று நீளும் வேலைச் சங்கிலி. ஒரு நூல் எழுத வேண்டும் என்றால் தாள் வேண்டும், மை வேண்டும், எழுதுகோல் வேண்டும். தாளுக்குத் தோல் வேண்டும். இவை ஒவ்வொன்றையும் செய்யத் தனித்தனி மேசை வேண்டும். மேசை செய்யப் பலகையும் ஆணியும் வேண்டும். அவற்றைச் செய்யும் நுட்பத்தைக் கற்கச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். அதிலும் நீலப் புள்ளி தொடக்கத்தில் லேசில் சேராது. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நேற்று நிறுத்தினோம் என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரும் இன்பம். நாள் முழுக்கக் கணக்குப் புத்தகத்தில் மூழ்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு வந்து உட்காருகிறவருக்கு, அதில் முதல் பத்து நிமிடம் நினைவுபடுத்திக்கொள்வதிலேயே கழிந்துவிடும்.

வாரத்துக்கு அங்கே ஆறு நாள். பேராயர், வணிகர், சோதிடர் என முக்கியமான ஆட்கள் ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரு நாளில் மட்டுமே வருவார்கள். அன்று அவர் கேட்ட பொருள் கையில் இல்லை என்றால், வாரச்சந்தையைத் தவறவிட்டவர் அடுத்த சந்தை வரை காத்திருப்பதுபோல மறுபடி ஆறு நாள் காத்திருக்க வேண்டியதுதான். ஸ்டார்டியூ வேலி உங்களை அவசரப்படுத்துகிறது என்றால் இது உங்களைக் காக்க வைக்கிறது. நடக்க வேண்டிய தொலைவும் இங்கே அதிகம். இடம் விட்டு இடம் நொடியில் கொண்டுசேர்க்கும் ஒரு மந்திரக் கல்லைச் சாராயக்கடைக்காரரிடம் வாங்கும் வரை பாதி ஆட்டம் நடையிலேயே போவதாகத் தோன்றும்.

மின்சாரம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஸ்டார்டியூ வேலியில் படுக்கையில் படுத்தால்தான் ஆட்டம் பதிவாகும். விளக்கு அணைந்த நொடியில் இருக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஓடிப் படுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் பகல் 12 மணியே ஆகியிருந்தாலும் படுக்கலாம், அந்த நாளின் மிச்சம் மட்டும்தான் நட்டம். படுக்க முடியாமலே போனாலும் இழப்பு 14 நிமிடத்தைத் தாண்டாது. கிரேவ்யார்ட் கீப்பரிலும் தூங்கும்போது பதிவாகிறது என்றாலும், விரட்டும் கடிகாரம் இல்லாததால் தூக்கத்தை மறந்து வெகுநேரம் கல் உடைத்துக்கொண்டிருப்பது அங்கே இயல்பு. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் இழப்பு பெரிதாக இருக்கும்.

கணினியைப் பொறுத்தவரை ஸ்டார்டியூ வேலிக்கு 2 ஜிபி நினைவகம் போதும். உங்கள் மடிக்கணினியில் தடையின்றி ஓடும். கிரேவ்யார்ட் கீப்பர் 4 ஜிபி நினைவகத்தோடு கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகத்தையும் கேட்கிறது. ஓடினாலும் ஓடலாம், ஆனால் தயங்கித் தயங்கி ஓடும் ஆட்டத்தில் பிணம் சுமப்பது இரட்டைத் தண்டனை.

குழந்தை பக்கத்தில் உட்காருவாள் என்கிறீர்கள். கிரேவ்யார்ட் கீப்பரின் நகைச்சுவை கசப்பானது. பிணத்திலிருந்து எடுத்த இறைச்சியைச் சாராயக்கடைக்கு விற்கவும், சூனியக்காரி என்று ஒருத்தியை எரிக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குத் தின்பண்டம் விற்கவும் ஆட்டமே வழி செய்து தருகிறது. பெரியவர்களுக்கு அது மதத்தையும் வணிகத்தையும் கிண்டல் செய்யும் எழுத்தாகப் புரியும். பதினொரு வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டார்டியூ வேலியிலும் மதுக்கடை இருக்கிறது, குடியில் தன்னை இழந்துகொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார், போரிலிருந்து திரும்பி உறக்கம் வராமல் தவிக்கும் ஒருவர் இருக்கிறார். அவையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லப்படுகின்றன. குழந்தையோடு உட்கார்ந்து பேசக்கூடியவை.

வாங்குவது பற்றி ஒரு சொல். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஆண்டுக்குச் சில முறை விலை குறையும், அவசரமில்லை என்றால் காத்திருங்கள். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஸ்டார்டியூ வேலியில் எட்டு நாள் ஓடிவிடும். ஊர்த்தலைவர் தரும் 15 பார்ஸ்னிப் விதையை நட்டு, நான்கு நாளில் விளைந்த கிழங்கைப் பிடுங்கி, அந்தப் பணத்தில் அடுத்த விதையை வாங்கியிருப்பீர்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று அதற்குள் தெரிந்துவிடும். கிரேவ்யார்ட் கீப்பரில் அதே இரண்டு மணி நேரத்தில் நீங்கள் வாசலில்தான் நிற்பீர்கள். அந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

கேள்வி: ஸ்டார்டியூ வேலியில் என் பண்ணை நான்காம் ஆண்டை முடித்துவிட்டது. பயிருக்குத் தாமாகவே தண்ணீர் ஊற்றும் உயர்ந்த வகைத் தெளிப்பான்களையெல்லாம் வைத்துவிட்டதால் காலையில் செய்ய வேலையே இல்லை. கிரேவ்யார்ட் கீப்பர் வாங்கினால் அதையே மறுபடி விளையாடுவதுபோல இருக்குமா?
— கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: இருக்காது. மேலே ஏற்காட்டு வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன அதே காரணத்துக்காக உங்களை வாங்கச் சொல்கிறேன்.

தெளிப்பான்களை வைத்து முடித்த பிறகு வேலை இல்லை என்று நீங்கள் வருந்துவதிலிருந்தே, உங்களுக்குப் பிடித்தது பயிரோ பருவமோ அல்ல, ஏற்பாடு செய்வதுதான் என்று தெரிகிறது. நம் ஊர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். குச்சிக்கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்து என்று ஒரு வேலையின் முடிவு அடுத்த வேலையின் தொடக்கமாக நிற்கும். அந்த ஆலையின் ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் ஒருவரே நின்று தொடங்கி, பிறகு மெல்ல மெல்ல அதை ஓடவைப்பதுதான் கிரேவ்யார்ட் கீப்பர். பிரேக்கிங் டெட் என்ற கூடுதல் பகுதியை (இணைப்பை) ஆட்டத்தோடு சேர்த்துக்கொண்டால் புதைக்க வேண்டிய பிணங்களையே எழுப்பி, மரம் வெட்டவும் கல் உடைக்கவும் பயிர் பார்க்கவும் நிறுத்தலாம். அந்த இடத்துக்கு வந்த பிறகு உங்களுக்குத் தெளிப்பான் நினைவே வராது.

இரண்டு எச்சரிக்கைகள். அங்கே காதலும் திருமணமும் கிடையாது. ஊரார் எல்லாரும் உங்களிடம் ஏதோ ஒன்றை எதிர்பார்ப்பவர்களே தவிர நண்பர்கள் அல்லர். இரண்டாவதாக, ஆட்டத்தின் நடுப்பகுதி சோதிக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து புள்ளி சேர்க்க வேண்டிய கட்டம் அது. சலிப்பாக இருந்தால் அந்த வாரம் விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கலாம், கடிகாரம் இல்லாததால் எதுவும் கெட்டுப்போகாது. ஸ்டார்டியூ வேலி மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், பண்ணையை உங்களுக்கு விட்டுச்சென்ற தாத்தா வந்து மதிப்பெண் போட்ட பிறகும் முடிவில்லாமல் ஓடுகிறது. இதற்கு ஒரு கதை முடிவு உண்டு. சாராயக்கடை நடத்துவது, அகதிகள் முகாம் நடத்துவது என்று வேறு இணைப்புகளும் விற்கிறார்கள். அடிப்படை ஆட்டத்தில் தேவாலயம் திறந்து முதல் பிரசங்கம் செய்து முடிக்கும் வரை அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

கேள்வி: இந்த இரண்டு ஆட்டங்களும் தமிழில் கிடைக்குமா? என் மகனும் மகளும் ஒரே கணினியில் சேர்ந்து விளையாட முடியுமா?
— ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இரண்டும் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் விளையாட வேண்டியிருக்கும். ஸ்டார்டியூ வேலியின் ஆங்கிலம் அன்றாடப் பேச்சு ஆங்கிலம், வாக்கியங்களும் குறுகியவை; விதையின் பெயர், எத்தனை நாள், என்ன விலை என்று படிக்கத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். கிரேவ்யார்ட் கீப்பரின் கிண்டல் சொல் விளையாட்டில் இருப்பதால் மொழி தெரியாவிட்டால் பாதிச் சுவை போய்விடும்.

சேர்ந்து விளையாட ஸ்டார்டியூ வேலியில் மட்டுமே இடமுண்டு. 2018இல் பலர் சேர்ந்து விளையாடும் வசதியும், 2020 டிசம்பரில் ஒரே திரையைப் பிரித்து விளையாடும் வசதியும் வந்தன. ஒரே கணினி என்றால் ஒரு பிரதி போதும். ஒருவருக்கு விசைப்பலகை, மற்றவருக்கு ஒரு கேம்பேட் வாங்கிக்கொடுங்கள். தனியாக விளையாடும்போது பையைத் திறந்தால் நேரம் நின்றுவிடும். சேர்ந்து விளையாடும்போது அப்படி நிற்காது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பண்ணையைத் தொடங்கும்போது பணம் பொதுவா, தனித்தனியா என்று ஆட்டம் கேட்கும். தனித்தனியாகவே வைத்துவிடுங்கள். விதைக்கு வைத்திருந்த பணத்தில் மற்றவர் கோழி வாங்கிவிட்டார் என்ற வழக்கு, எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் இரண்டு நாள் நடந்தது.